இடது காலின் கணக்கு

போர்ஷே நிறுவனம் 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கரேரா ஜிடி, பந்தயத்துக்காகப் பிறந்த இன்ஜினைச் சாலைக்கு இறக்கிய கார். 5.7 லிட்டர், பத்து சிலிண்டர், 612 குதிரைத்திறன், மணிக்கு 330 கி.மீ. வரை வேகம். கையால் மாற்றும் ஆறு கியர்தான். ஆட்டோமேட்டிக் என்ற பேச்சே கிடையாது. பல ஆண்டுகள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிப் பழகியவர்கள்கூட இந்தக் காரில் ஏறி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்ட மறுகணமே இன்ஜின் அணைந்து நின்றார்கள். அதை நகர்த்துவதற்கு என்றே தனி முறை உண்டு: ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது; கிளட்ச் பெடலை மட்டும் மெல்ல மேலே விட வேண்டும். இன்ஜின் அணையாதபடி தேவையான பெட்ரோலைக் கணினியே கொடுத்துக்கொள்ளும்.

இத்தனை பக்குவம் கேட்ட அந்தக் கிளட்சின் விட்டம் வெறும் 169 மி.மீ. பீங்கான் கூட்டுப்பொருளால் ஆன இரண்டு தட்டுகள். சாதாரணக் குடும்பக் காரின் கிளட்சே இதைவிடப் பெரிது. கிளட்ச் சிறிதானால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தரையோடு ஒட்டித் தாழ்வாகப் பொருத்தலாம். வளைவுகளில் கார் நிலைத்து நிற்கும். அதற்காகத்தான் போர்ஷே பொறியாளர்கள் அதைச் சுருக்கினார்கள். விலையைக் கொடுத்தது ஓட்டுநரின் இடது கால்.

கையால் கியர் மாற்றும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவர் எவரும் தவறாமல் கேட்கும் கேள்வி, கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும் என்பது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் காரில் அது 1,50,000 கி.மீ. தாண்டியும் உழைக்கும். அதே மாடல், அதே ஆண்டு, அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு காரில் 20,000 கி.மீ.யிலேயே தீர்ந்துபோகும். சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு சீறிக்கொண்டு கிளம்புகிறவரின் கையில் சில ஆயிரம் கிலோமீட்டரே அதிகம். பத்து மடங்கு, இருபது மடங்கு வேறுபடும் ஒன்றைச் சராசரி எண்ணால் சொல்லி என்ன பயன்? டயரைக் கிலோமீட்டரால் அளக்கலாம், ஏனென்றால் கார் ஓடும்போதெல்லாம் டயர் தேய்கிறது. கிளட்சோ கார் ஓடும்போது தேய்வதே இல்லை. முழுதாகப் பிடித்துக்கொண்டபின் சென்னையிலிருந்து மதுரைவரை அதே கியரில் போனாலும் அதன் மேல்பூச்சில் ஒரு துகள்கூடக் குறையாது. அதன் ஆயுளை அளக்கும் அலகு வெப்பம்.

உள்ளே நடப்பது எளிது. இன்ஜினின் முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டி, கியர்பாக்ஸின் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். அதற்கு அப்பால் பிரஷர் பிளேட். அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ஸ்பிரிங்கின் பிடி விடுகிறது, பிளேட் தனியாகிறது. பெடலை விட்டால் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே பிளேட் நசுங்கி, மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. 225 மி.மீ. விட்டமுள்ள பிளேட்டை ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்தினால், வழக்கமான உராய்வுப் பொருளைக் கொண்டு சுமார் 340 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசையைத் தாங்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இரண்டு லிட்டர் இன்ஜின் தருவது 200 நியூட்டன்-மீட்டர் அளவில்தான். ஆக, பிடித்துக்கொண்ட கிளட்சுக்கு இன்ஜின் ஒரு பொருட்டே அல்ல. சேதம் முழுவதும் பிடிக்கும் அந்த ஓரிரு நொடிகளில் நடக்கிறது.

நின்ற காரைக் கிளப்பும்போது ஃப்ளைவீல் சுற்றுகிறது, பிளேட் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கலில் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதற்கு இயற்பியல் தரும் விடை அழகானது. இன்ஜின் வேகத்தை மாறாமல் பிடித்துக்கொண்டு சமதளத்தில் கிளம்பினால், வழுக்கல் நிற்கும் கணத்தில் கார் பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, சரியாக அவ்வளவு வெப்பம் கிளட்சில் சேர்ந்திருக்கும். இன்ஜின் கொடுத்ததில் பாதி காருக்கு, பாதி கிளட்சுக்கு. ஓட்டுநர் எவ்வளவு நளினமானவர், கிளட்ச் எந்தக் கம்பெனி தயாரிப்பு என்பதெல்லாம் இந்தப் பங்கீட்டை மாற்றாது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 1,400 கிலோ எடையுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. முதல் கியரில் இன்ஜின் 13 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரத்தின் ஆரம் 32 செ.மீ. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் கிளம்பினால், ஏறக்குறைய 14 கி.மீ. வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும். பிறக்கும் வெப்பம் 10 கிலோஜூலுக்குச் சற்று மேல். 3,000 சுற்றில் கிளம்பினால் 42 கிலோஜூல். 5,000 சுற்றில் 116. சுற்று இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகிறது. ஒரு முறை சீறிக் கிளம்புவது பதினொரு முறை நிதானமாகக் கிளம்புவதற்குச் சமம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது, பலர் நம்ப மறுப்பது. சமதளத்தில், ஒரே சுற்றில் வைத்திருக்கும்வரை, கிளட்சை வேகமாக விட்டாலும் மெதுவாக விட்டாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான். மெதுவாக விடுகிறவர் அதிகம் தேய்ப்பது, விடும் நேரமெல்லாம் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிப்பதால். கரேரா ஜிடி ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்ட அந்த விசித்திர முறையின் நியாயம் இங்கே இருக்கிறது: ஐடிலிங் வேகத்திலேயே கிளம்பினால் வெப்பம் மிகக் குறைவு.

மேட்டில் கதை வேறு. பத்து சதவீதச் சரிவில் பிரேக் பிடிக்காமல், ஹாஃப் கிளட்சிலேயே காரைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். மேலே சொன்ன அதே காரில், 1,500 சுற்றில், அப்படி நிற்கும் ஒவ்வொரு நொடியும் 5 கிலோஜூலுக்கு மேற்பட்ட வெப்பம் அந்த மெல்லிய பிளேட்டில் இறங்குகிறது. கார் நகரவில்லை, ஆகவே காருக்குப் பங்கே இல்லை, அத்தனையும் கிளட்சுக்கு. ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே தட்டின்மேல் முழுச்சூட்டில் வைத்தது போல. அரை நிமிடம் நின்றால் பதினைந்து முறை கிளம்பிய தேய்மானம், ஒரு மீட்டர்கூட நகராமல்.

பிளேட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு ஒவ்வொன்றும் மூன்றரை மி.மீ. அளவில் இருக்கும். பூச்சைப் பிளேட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகளின் தலைகள் வெளியே தெரிவதற்குள் தேயக் கிடைப்பது இரு பக்கமும் சேர்த்து இரண்டு மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிளம்புவதும் கியர் மாற்றுவதுமாக இரண்டு லட்சம் முறை அந்தக் கிளட்ச் பிடித்து விட்டது என்றால், ஒரு முறைக்குத் தேய்ந்தது மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸும், இன்று கண்ணாடி இழை, செம்புக் கம்பி, ரப்பர் ஆகியவையும் பீனாலிக் பிசினில் குழைத்துச் சுட்டெடுக்கும் ஒரு சாதாரணப் பொருள் இவ்வளவு சிக்கனமாகத் தேய்வது வியப்புக்குரியது. வெப்பம் எல்லைக்குள் இருக்கும்வரைதான் அந்தச் சிக்கனம்.

எல்லையைத் தாண்டுவது கடினமல்ல. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 12 கிலோ இரும்பு என்றால், 5,000 சுற்றில் ஒரு முறை கிளம்பும்போது அவற்றின் சராசரி வெப்பநிலை 20 டிகிரி ஏறும். ஆற விடாமல் பத்து முறை செய்தால் 200 டிகிரி. வழுக்கும் மேற்பரப்பில் இதைவிட மிக அதிகம். 300 டிகிரியை நெருங்கும்போது பூச்சில் இருக்கும் பிசின் சிதையத் தொடங்குகிறது. காருக்குள் அந்தக் கருகிய வாடை ஏறுவது அப்போதுதான். சிதைந்த பிசின் வழவழப்பான படலமாகப் பரவ, உராய்வு குறைகிறது. பிடி பாதியாகக் குறைந்தால் 340 நியூட்டன்-மீட்டர் தாங்கிய கிளட்ச் 170 மட்டுமே தாங்கும். எம்எக்ஸ்-5 இன்ஜினின் 200 அதை மீறிவிடும். முழுதாக விட்ட பிறகும் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடேறும், சூடேறினால் மேலும் வழுக்கும். பல ஆண்டுகள் வர வேண்டிய கிளட்ச் ஒரே மாலையில் முடிந்துபோவது இந்தச் சுழலால். அந்த இடத்தில் நிறுத்தி ஆறவிட்டால் லேசாகச் சுட்டது பெரும்பாலும் மீண்டுவிடும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் விழுந்துவிட்டால் மீட்சி இல்லை. பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கார் நடுங்கும்.

இதில் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் கார்களுக்கு ஒரு தனிச் சோகம் உண்டு. பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் காரில் அளவுக்கு மீறிச் சீறினால் டயர் வழுக்கிவிடும். வழுக்கலின் ஒரு பகுதியை ரப்பர் ஏற்றுக்கொள்ளும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற காரில் நான்கு டயர்களும் சாலையை விடாமல் பற்றுகின்றன. இன்ஜினுக்கும் சாலைக்கும் நடுவே வழுக்கக் கூடியது கிளட்ச் ஒன்றுதான். மழையிலும் பனியிலும் உயிர்காக்கும் அதே பற்று, சிவப்பு விளக்குப் பந்தயத்தில் கிளட்சைத் தின்றுவிடுகிறது.

அப்படியானால் ரேஸ் டிராக்கில் ஓடும் காரின் கிளட்ச் சீக்கிரம் போகுமா? பெரும்பாலும் போகாது. டிராக்கில் கார் நிற்பதே அரிது. ஒரு முறை கிளம்பினால் இருபது நிமிடம் ஓட்டம்தான். பிரேக்கும் டயரும் கரைய, கிளட்ச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபார்முலா 1 காரின் கார்பன் கிளட்ச் சுமார் 10 செ.மீ. விட்டத்தில் இருந்தும் சமாளிப்பதற்கு ஒரு காரணம், பந்தயம் முழுவதற்கும் அது உண்மையாக உழைப்பது கிளம்பும் அந்தச் சில நொடிகள்தான். மாலை நேர அண்ணா சாலையில் ஊர்ந்து செல்லும் கார் ஒரு மணி நேரத்தில் நூறு முறை கிளம்பி நிற்கும். கிளட்சின் பார்வையில் கொடிய பந்தயம் அதுதான்.

டிராக்கில் கவனிக்க வேண்டியது கியரைக் குறைக்கும் தருணம். வளைவுக்கு முன் நான்கிலிருந்து மூன்றுக்கு வரும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஓட்டுநர் கிளட்சை அப்படியே விட்டால், அந்த வேகத்துக்கு இன்ஜினையும் ஃப்ளைவீலையும் இழுத்துவிடும் வேலை கிளட்சின் தலையில் விழும்: ஏறக்குறைய 3 கிலோஜூல். சிறிய தொகைதான், ஆனால் ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து முறை. வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கையும், அதே காலின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலேட்டரையும் தட்டி, இன்ஜின் வேகத்தை முன்கூட்டியே ஏற்றிவிடும் பழைய வித்தை இதைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்குகிறது. நிஸான் 370இசட் கார் வந்தபோது அந்த வித்தையைக் கணினியே செய்யும் வசதி கையியக்கக் கியர் காரில் முதன்முறையாகக் கிடைத்தது. ரசிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். கிளட்சுக்கு அது நல்ல செய்தி.

தேய்மானத்தை ஓட்டுநர் உணர்வது எப்படி? இங்கே ஸ்பிரிங்கின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கிளட்ச் முழுவதிலும் மிக நுட்பமான பகுதி அதுதான். பழைய கார்களில் பிரஷர் பிளேட்டைச் சுற்றி வட்டமாகச் சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. பூச்சு தேயத் தேய ஸ்பிரிங் நீளும், நீள நீள அழுத்தம் குறையும். அதிவேகத்தில் சுழலும்போது சுருள்கள் வெளிப்பக்கம் வளைந்து பிடி மேலும் தளரும். அதிகச் சுற்றில் வாழும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெரிய குறை. அவற்றின் இடத்தைப் பிடித்தது டயாஃபிரம் ஸ்பிரிங்: குழிந்த எஃகுத் தட்டு, நடுவை நோக்கி நீளும் விரல்கள். ஜெர்மனியின் பூல் நகரில் 1965இல் தொடங்கிய லுக் நிறுவனம் இதை ஐரோப்பியக் கார்களில் பரப்பியது. இன்று அந்தப் பெயரின் கிளட்சுகள் ஓசூரிலும் தயாராகின்றன.

குழிந்த தட்டின் விசை நேர்கோட்டில் மாறுவதில்லை. அழுத்த அழுத்த ஏறி, ஓர் உச்சம் தொட்டு, பின் இறங்கும். வடிவமைப்பாளர்கள் புதிய கிளட்சை உச்சத்துக்கு அப்பால் இறங்குமுகத்தில் நிறுத்துகிறார்கள். பூச்சு தேயும்போது ஸ்பிரிங் தளர்ந்து அந்த உச்சத்தை நோக்கித் திரும்புகிறது. அழுத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. நடு வயதுக் கிளட்ச் புதியதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். உச்சத்தைக் கடந்து மீண்டும் இறங்கி, புதிதாக இருந்தபோதைய அழுத்தத்துக்குக் கீழே போகத் தொடங்கும் இடத்தில்தான் ஆயுள் முடிகிறது. ஆகவே பெடல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கனத்துவருவது தேய்மானத்தின் அடையாளம். நாளும் மிதிக்கும் காலுக்கு அது தெரியாது. நண்பர் ஒருவர் வாங்கி ஓட்டிப் பார்த்து, ஏன் இவ்வளவு கனம் என்று கேட்பார். தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் கிளட்சுகள் 1990களின் நடுவில் வந்தன. பெடல் கடைசிவரை ஒரே கனத்தில் இருக்கும் வசதி கிடைத்தது. கூடவே முன்னெச்சரிக்கை ஒன்று போனது.

தேய்மானத்தை எண்ணாகவே பார்க்கக் கொடுத்தவை ஃபெராரி கார்கள். 1997இல் எஃப்355 காரில், கிளட்ச் பெடலை எடுத்துவிட்டு, அதே ஒற்றைக் கிளட்சை ஹைட்ராலிக் முறையில் கணினி இயக்கும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பின் வந்த 360, எஃப்430 கார்களில், கண்டறியும் கருவியை இணைத்தால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று திரையில் தெரியும். பழைய ஃபெராரி வாங்குகிறவர்கள் ஓடிய தூரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்தச் சதவீதத்தையும் கேட்கிறார்கள். அந்த எண்ணை வேகமாக ஏற்றுபவை நெடுஞ்சாலைச் சீற்றங்களைவிட, சரிவான கராஜுக்குள் காரைப் பின்னோக்கி அங்குலம் அங்குலமாக ஏற்றும் நிமிடங்கள். மேட்டில் ஹாஃப் கிளட்ச் கணக்கு இங்கேயும் அதேதான்.

பூச்சு நன்றாக இருந்தும் கிளட்ச் செத்துப்போவதும் உண்டு. இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கப் பிளேட்டின் நடுவே ஸ்பிரிங்குகள் வைப்பது வழக்கம். 1980களின் போர்ஷே 944இல் அந்த இடத்தில் ரப்பர் இருந்தது. ஓட்டம் மென்மையாக இருந்தது. ரப்பருக்கு வயதானதும் அது கிழிந்து, பூச்சு பாதிகூடத் தேயாத பிளேட் பயனற்றுப் போனது. அந்தக் காரில் இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், இரண்டையும் இணைப்பது நீண்ட குழாய். கிளட்சை எட்ட அத்தனையையும் கழற்ற வேண்டும். அதே முன்பின் அமைப்புள்ள போர்ஷே 928இல் கிளட்சைத் தனியாக, கியர்பாக்ஸைத் தொடாமல், கீழிருந்தே எடுத்துவிடலாம். ஒரே நிறுவனம், ஒரே காலம். மெக்கானிக்கின் கூலியோ ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது.

1985இல் சந்தைக்கு வந்த இரட்டை ஃப்ளைவீலும் இந்தச் செலவுக் கணக்கில் சேரும். இரண்டாகப் பிளந்து நடுவே ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல் அது. அதிர்வை விழுங்குகிறது, கியர் சத்தத்தை அடக்குகிறது. ஆனால் அதுவும் தேய்கிற பொருள். பழைய ஒற்றை ஃப்ளைவீல் சூட்டில் கெட்டால் கடைசலில் கொடுத்து மேற்பரப்பைச் சீவிக்கொள்ளலாம். இதன் உள் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் புதிதுதான் வாங்க வேண்டும். சில கார்களில் கிளட்சைவிட அதன் விலை அதிகம். 2016இல் வெறும் 991 கார்கள் மட்டும் செய்யப்பட்ட போர்ஷே 911 ஆர் மாடலில், விரும்புகிறவர்களுக்கு எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீலைக் கொடுத்தார்கள். ஐடிலிங்கில் கடகடவென்று சத்தம். ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் இன்ஜின் துள்ளும். இப்படிப்பட்ட காரில் தேங்கிய சுழற்சி குறைவு என்பதால் கிளம்பும்போது சற்றுக் கூடுதல் சுற்று தேவைப்படும். கியரை மாற்றும்போது கிளட்ச் இழுக்க வேண்டிய எடை குறையும். ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலியான நேர்ச்சாலையில், இன்ஜின் சூடான பிறகு, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். உயர்ந்த கியரில் கார் சட்டென்று வேகமெடுக்காது. இன்ஜினின் முழுத் திருப்புவிசையும் கிளட்சின்மேல் நிற்கும். சுற்றுமானியின் முள்ளும் வேகமானியின் முள்ளும் சேர்ந்தே ஏறினால் நல்லது. சுற்று மட்டும் தாவி ஏறி, வேகம் பின்தங்கினால் பிடி போய்விட்டது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்வது அந்தக் கிளட்சையே எரிக்கும். பெடல் எங்கே பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தானே ஈடுகட்டிக்கொள்ளாத கிளட்சில், பெடலைக் கிட்டத்தட்ட முழுதும் விட்ட பிறகே கார் நகர்கிறது என்றால் பூச்சு மெலிந்திருக்கிறது. பெடலில் கால் வைத்ததும் கீச்சென்று ஒலி வந்து, எடுத்ததும் நின்றால் அது பிளேட்டின் குறையல்ல, பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கின் முனகல். சிக்னலில் நியூட்ரலுக்கு வராமல், கியரிலேயே பெடலை மிதித்துப் பிடித்து நிற்கிற பழக்கம் அந்தப் பேரிங்கைத் தின்கிறது.

கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையில் பெருஞ்செலவு. எனவே அனுபவமுள்ள மெக்கானிக் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூட மாட்டார். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார். ஃப்ளைவீலின் முகத்தை விரலால் தடவி, நீலத்திட்டு, விரிசல், பள்ளம் தேடுவார். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார், ஏனென்றால் புதுப் பூச்சில் சில துளி ஆயில் பட்டாலே பிடி போய்விடும். புதிய பிளேட்டைப் போட்ட பின் முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டச் சொல்வார். புதுப் பூச்சும் ஃப்ளைவீலும் முதலில் ஆங்காங்கே மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. முழுப் பரப்பும் ஒன்றோடொன்று படிந்து உட்கார அவ்வளவு ஓட்டம் தேவை. அதற்குள் சீறிக் கிளம்பினால், தொடும் அந்தச் சில மேடுகளின்மேலேயே 116 கிலோஜூலும் இறங்கும்.